முகம் மட்டும் வெள்ளை

இஞ்சேருங்கோ,

சோறும் சூடை மீன் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். கடலால் வந்ததும் சாப்பிடுங்கோ. நேற்றுப் போலச் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டுப் போகாதேங்கோ.

லவீனா தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கிய அன்று நாங்கள் மூவரும் எடுத்த படத்தைத் திரும்ப அடித்து மேசையில் காயவிட்டிருக்கிறேன். இந்த முறை பளபளக்காத கடதாசி. ஈரக் கையால் தொட்டால் மை இழுபடும்.

மலிவு மையால்தான் உங்கள் முகம் வெளுத்தது என்று நேற்றுச் சொன்னேன். அது பொய். மையிலும் கடதாசியிலும் பிழையில்லை. கொம்பியூட்டரில் உங்கள் முகத்தை மட்டும் நான்தான் வெள்ளையாக்கினேன். பிள்ளையின் தோளில் இருந்த உங்கள் கையை மாற்ற மறந்துவிட்டேன்.

"உந்தாள் ஆரடி, பாங்க் மனேச்சரோ? கை மட்டும் என்ரையாக் கிடக்கு" என்று சிரித்தீர்கள். பிறகு சாப்பிடவில்லை.

கொழும்பிலிருந்து வரும் என் அக்கா வீட்டார் சுவரில் பார்ப்பார்களே என்று நினைத்தேன். அவர்கள் உங்களை ஒருநாளும் குறைத்துக் கதைத்ததில்லை. கதைத்துவிடுவார்களோ என்று நானே முந்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமையில் கடலுக்குப் போகாத நீங்கள், அவர்கள் வரும் ஞாயிறு போகப் போவதாகச் சொல்கிறீர்கள். போகாதேங்கோ. உங்கள் நிறத்திலேயே அடித்த புதுப் படத்துக்குப் பிறேம் வாங்கத்தான் யாழ்ப்பாணம் போகிறேன். நீங்களே மாட்டுங்கோ.

யசிந்தா

எழுத மறந்தது: லவீனாவுக்கும் உங்கள் நிறம்தானே. காலையில் பழைய படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பான்ரை போல என்ரை முகத்தையும் வெள்ளையாக்கித் தாங்கோவன்" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தால் வந்ததும் நீங்கள் அவளோடு கதையுங்கோ.