மண் பட்ட மீன்

நவம்பர் 3
இன்றும் நிலவறைக்குப் போகவில்லை.

நவம்பர் 5
போனேன். ஹால்வர் போட்டுவைத்த மீன் வாளி அப்படியே இருக்கிறது. உப்புத் தண்ணீர் மேலேறி, மீனை அழுத்தும் கல்லை மூடியிருப்பது வெளியிலிருந்தே தெரிகிறது. மூடிமேல் அவனுடைய பென்சில் எழுத்து: செப்டம்பர் 12. கீழே மீன் கணக்கு: 14 என்று எழுதி, அடித்து, 13. என் புருஷனுக்கு எண்ண வராது என்று முப்பது வருஷம் கேலி செய்தவள் நான்.

நவம்பர் 9
ஹால்வரின் தம்பி எம்ப்ரிக் போனில் கூப்பிட்டான். "வழக்கம்போல 28ஆம் தேதி சனிக்கிழமைதானே வாளியத் திறக்கற? ரொட்டியும் வெங்காயமும் என் பொறுப்பு. எம் புள்ளைங்களும் வராங்க, சிக்னே. அண்ணன் கைபட்ட கடைசி வாளி."
சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

நவம்பர் 10
எழுதிவிடுகிறேன். வாளி போட்ட அன்று வெளிக்குழாயடியில் டிரவுட் மீன்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். இடது கையைப் பிசைந்துகொண்டே இருந்தான். டாக்டரிடம் காட்டு என்றேன். "தோள் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். வாளிய மூடிட்டுப் பேசலாம்." உப்பு எடுக்க உள்ளே போனான். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம் — கையிலிருந்த மீனை வீசினேன். உருளைக்கிழங்குப் பாத்தியில் போய் விழுந்தது. எடுத்துக் கழுவி மற்றவற்றின் மேலேயே வைத்துவிட்டேன்.

மண் பட்ட மீனைப் பொரிக்கலாம், வாளியில் போடக் கூடாது. இந்தப் பள்ளத்தாக்கில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். மாதக்கணக்கில் பச்சையாகவே ஊறுகிற மீன். மண்ணின் விஷம் உள்ளே வளரும், வாசனையில்கூடத் தெரியாது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். வீம்பு.

இருபத்து மூன்றாம் நாள் விறகுக் கொட்டகையில் விழுந்து கிடந்தான். மீனை வீசிய நேரத்தில் அவனைக் காரில் ஏற்றியிருந்தால்?

நவம்பர் 16
வாளி மூடியில் காற்று வெளியேறும் குழாயில் குமிழி வெடிக்கும் சத்தம் சமையலறைவரை கேட்கிறது. அப்படிக் கேட்க வழியே இல்லை. மத்தியானம், பட்டப்பகலில், 'சிக்னே' என்றது. 'வரேன்' என்று சொல்லிவிட்டேன். படியில் பாதி இறங்கிய பிறகுதான் நின்றேன்.

நவம்பர் 21
திறந்தேன். அருமையான மணம். அதுதான் பயம். எந்த மீன் அது? எல்லாம் ஒன்றுபோல வெளுத்துக் கிடக்கின்றன. கொட்டிவிட வாளியைத் தூக்கினேன், முடியவில்லை. கல்லை அவன் வைத்தபடியே திரும்ப வைத்தேன்.
நான் மட்டும் தின்றுவிட்டால் யாருக்கு என்ன — இதை எழுதின கையை என்ன செய்வது.

நவம்பர் 24
எம்ப்ரிக்கிடம் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் வாயில் அதை வைக்க என்னால் ஆகாது.
மண்ணில் விழுந்தது என்று மட்டும்தான் சொன்னேன். அவன், "கெழங்குப் பாத்தியில விழுந்ததா?"
உனக்கெப்படித் தெரியும் என்றேன்.
"அன்னிக்குச் சாயங்காலம் அண்ணன் ஒத்த மீனோட வந்தான். வெண்ணெயில பொரிச்சுத் தின்னோம். 'ஜன்னல்ல பார்த்தேன்டா. வீசிட்டு, கழுவி வெச்சுட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி நிக்கிறா. கேட்டா கூசிப்போயிடுவா, விட்டுடு'ன்னான். அத எடுத்துட்டு, மத்ததையெல்லாம் மறுபடி கழுவித்தான் அடுக்கினானாம்."
அழுதேன். சிரித்தேன் என்றும் நினைக்கிறேன். அப்புறம் எம்ப்ரிக் இன்னொன்றும் சொன்னான்.
"நெஞ்சு வலிக்குதுன்னும் அன்னிக்குச் சொன்னான், சிக்னே. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னான். நான் சொல்லல."
போனை வைத்துவிட்டேன். கீழே போய் மூடியைப் பார்த்தேன். பதினான்கு, அடித்துப் பதின்மூன்று. சரியாகத்தான் எண்ணியிருக்கிறான்.

நவம்பர் 25
எம்ப்ரிக்கை வரவேண்டாம் என்று சொல்ல மூன்று தடவை போனை எடுத்தேன்.
அவனும் என்னைப்போல ஒன்றைக் கழுவி, சொல்லாமல் உள்ளே வைத்திருக்கிறான்.

நவம்பர் 28
எல்லோரும் வந்தார்கள். மீன் வெண்ணெய்போல் வழுக்கியது. பிள்ளைகள் அடித்துக்கொண்டு தின்றார்கள். எம்ப்ரிக் மட்டும் தட்டைத் தொடவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. ரொட்டியில் மீன் வைத்து, வெங்காயமும் புளித்த பாலேடும் போட்டுச் சுருட்டி அவன் கையில் கொடுத்தேன்.
"சாப்பிடு, ஆறிடும்" என்றேன்.
"இது ஆறித்தானே இருக்கு" என்றான். சாப்பிட்டான்.