காரவானுக்கு மூன்று ஏசி

2006 அக்டோபர் 3, செவ்வாய்

இன்று பதினொரு தடவை பிரேக்கர் டிரிப். எண்ணிக்கொண்டே இருந்தேன், வேறு வேலை என்ன?

ஜெபல் அலி தாண்டி, கடற்கரையில் எங்கள் கம்பெனி நடத்தும் காரவான் மைதானம். நாற்பது இடம். ஒவ்வொரு இடத்திலும் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பம், அதில் பதினாறு ஆம்பியர் பிளக். அரபிக் குடும்பங்கள் காரவானை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தி, பிளக்கைச் செருகி, கூரையில் இருக்கிற ஏசியை எல்லாம் ஒரே நேரத்தில் போடுவார்கள். ஒரு ஏசி ஓட ஒன்பது ஆம்பியர் போதும். கிளம்பும்போதுதான் அதைப்போல மூன்று மடங்கு இழுக்கும். முதலாவது ஓடும்போது இரண்டாவதைப் போட்டால் பிரேக்கர் விழும். உடனே என் போன் அடிக்கும். போய் நின்று, "வாஹித் ஓகே, இத்னேன் மாஃபி" என்று இரண்டு விரலைக் காட்டி ஒன்றை மடக்குகிறேன். என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.

எங்கள் ரூமில் ஆறு பேருக்கு ஒரு ஏசி. அதுவும் தண்ணீர் சொட்டும். இதை எந்த அரபியிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் 5, வியாழன்

ஊரில் என் மனைவி ஷிஜிக்கும் பிள்ளைக்கும் விசிட் விசா பேப்பர் போட்டாச்சு. இரவு எட்டு மணிக்குப் போன் செய்தேன். "பிள்ளைக்கு ஸ்வெட்டர் எடுக்கணுமா?" என்று கேட்கிறாள். துபாய்க்கு!

அக்டோபர் 8, ஞாயிறு

மைதானத்துக்கு அபு சயீத் என்ற அரபி குடும்பத்தோடு வந்திருக்கிறார். பெருநாள் முடியும்வரை இருப்பாராம். பஸ் அளவு காரவான், கூரையில் மூன்று ஏசி. ஒன்று அவருக்கு, ஒன்று பிள்ளைகளுக்கு, மூன்றாவது அவருடைய ராஜாளிக்கு. தமாஷ் இல்லை. கடைசி அறையில் அந்தப் பறவை கண்ணுக்கு மூடி போட்டுக்கொண்டு சிலுசிலுவென்று உட்கார்ந்திருக்கிறது. காலையிலிருந்து நான்கு டிரிப். பறவைக்கு வேர்க்கிறது என்று புகார்.

இன்ஜினியர் சுபின் சார் கூப்பிட்டார். நெய்யாற்றின்கரைக்காரர், நம்மோடு தமிழில்தான் பேசுவார். "தேவதாஸ், கம்பத்த விடு. ஜெனரேட்டர்லேருந்து நேரா மூணு ஃபேஸ் கேபிள் இழு. ஒரு ஏசிக்கு ஒரு ஃபேஸ். லோடு பிரிஞ்சிரும்." சரியான யோசனை. நானே சொல்லியிருப்பேன், கேட்டால்தானே?

போகும்போது இன்னொன்றும் சொன்னார். இது நன்றாக முடிந்தால் மைதானம் முழுக்க என் பொறுப்பு. குடும்பத்தை வைத்துக்கொள்ளக் கம்பெனி பேப்பர் தரும். விசிட் இல்லை, நிரந்தர விசா. அல் குசைஸில் ஷேரிங் ஃபிளாட் விசாரித்து வைத்திருக்கிறேன். ஒரு ரூம், ஜன்னல் இருக்கிறது. போதும்.

ஆறு வருஷமாகிறது மகள் ரெனிஷா பிறந்து. மொத்தமாக அவளோடு நான் இருந்தது ஏழு மாசம்.

அக்டோபர் 10, செவ்வாய்

கேபிள் இழுத்தாயிற்று, எண்பது மீட்டர். மணலைத் தோண்டித் தோண்டிக் கை கொப்பளம்.

சித்தீக் பாய் தண்ணீர் கூடக் குடிக்காமல் கூடவே தோண்டினார். நோன்பு. நான் மறைவாகப் போய்க் குடித்துவிட்டு வந்தேன். "மறைஞ்சு குடிக்காதடா தம்பி, நோன்பு எனக்குத்தானே, உனக்கா?" என்று சிரித்தார். முகம்மது சித்தீக், தொண்டிக்காரர், ஜெனரேட்டர் ஆபரேட்டர். என் கீழ்க் கட்டில். ஜூனில் நான் சவூதியை விட்டு இங்கே வந்தபோது எனக்கு ஒரு தலையணை கொடுத்தவர் அவர்தான்.

நாளைக்குக் காரவான் பக்கம் ஒயரிங் பெட்டி கட்டி லைன் கொடுக்க வேண்டும். ஜெனரேட்டர் அறைக்கும் காரவானுக்கும் நடுவே ஓட முடியாது என்று ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். என் போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் வந்தால் லைன் போடு, எல்லாம் சரி என்று அர்த்தம். இரண்டு வந்தால் உடனே நிறுத்து.

அக்டோபர் 12, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. இன்றைக்கும் கை வரவில்லை. ஆனால் எங்கேயாவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

ஐந்து ஐம்பதுக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். நோன்பு திறக்க ஏழு நிமிஷம். அபு சயீத் பக்கத்தில் நின்று "யல்லா, யல்லா" என்று கொண்டிருந்தார். லைன் வந்தது. மூன்று ஏசியும் ஒரே மூச்சில் உறுமின. நான் பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன் — அந்த மூஞ்சியை நினைத்தாலே இப்போது அடிக்கத் தோன்றுகிறது. அரை நிமிஷம் இருக்கும். ஒரு வெடிச் சத்தம். கூரையில் புகை. இரண்டாவது. மூன்றாவது. பிள்ளைகள் அலறிக்கொண்டு வெளியே ஓடின. அபு சயீத் உள்ளே பாய்ந்து ராஜாளியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாதாவே, ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு மிஸ்டு கால் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

சவூதியில், ஜுபைலில் ஒன்பது வருஷம். அங்கே ஒரு ஃபேஸில் கிடைப்பது 127 வோல்ட்தான். ஏசிக்கு 220 வேண்டும் என்றால் இரண்டு ஃபேஸிலிருந்து எடுக்க வேண்டும், நியூட்ரல் தேவையில்லை. மூன்று ஏசி என்றால் ஜோடி ஜோடியாகச் சுற்றிக் கட்டுவோம். இருநூறு பெட்டியாவது அப்படிக் கட்டியிருப்பேன். இங்கே ஒரே ஃபேஸில் 220 இருக்கிறது. இரண்டிலிருந்து எடுத்தால் 380. எனக்குத் தெரியாதா? தெரியும். நாலு மாசமாகக் கம்பத்தில் ஒற்றை லைன் மாற்றியே காலம் போனது, பெட்டி கட்டுவது நேற்றுத்தான் முதல் தடவை. கை பழைய வழியிலேயே போய்விட்டது. நியூட்ரலுக்கு டேப் சுற்றி ஓரமாக மடித்து வைத்திருக்கிறேன், எவ்வளவு அழகாக! மீட்டர் வைத்துப் பார்த்திருந்தால் பத்து செகண்டில் தெரிந்திருக்கும். மீட்டர் ஜெனரேட்டர் அறையில் பைக்குள் கிடந்தது. ஜுபைல் ஆளுக்கு மீட்டர் எதற்கு?

இதுவரை செய்தது தப்பு. இதற்குப் பிறகு செய்தது வேறு.

சுபின் சார் வர அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். குடும்பம் கூடாரத்துக்குப் போய்விட்டது. நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். மூன்று ஒயரைக் கழற்றி நியூட்ரலில் மாட்டினேன். எட்டு நிமிஷம்.

சார் வந்து மீட்டர் வைத்தார். 220, 220, 221. "ஒயரிங் பெர்ஃபெக்ட். அப்போ ஜெனரேட்டர்தான் வோல்டேஜ் ஏத்தி விட்டிருக்கு."

அக்டோபர் 13, வெள்ளி

பூசைக்குப் போனேன். பாவசங்கீர்த்தனத்துக்கு நீள வரிசை. நின்றேன். முன்னால் நான்கு பேர், மூன்று பேர், இரண்டு பேர். சாமியாரிடம் ஃபேஸ், நியூட்ரல் எல்லாம் விளக்க வேண்டியிருக்கும் என்று எனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சம்சா வாங்கினேன், தின்னாமல் குப்பையில் போட்டேன்.

அக்டோபர் 14, சனி

சித்தீக் பாய்க்குச் சஸ்பென்ஷன்.

அக்டோபர் 16, திங்கள்

மத்தியானம் ரூமில் இருக்கவும் முடியவில்லை, வெளியே நிற்கவும் முடியவில்லை. ரம்ஜான் மாதம் என்பதால் எல்லாருக்கும் இரண்டு மணிக்கே வேலை முடிந்துவிடுகிறது. ஏசி தண்ணீர் சொட்டுகிறது. கீழ்க் கட்டிலில் அவர்.

இன்றைக்கு என்னிடம் கேட்கிறார்: "தம்பி, நான் ஜெனரேட்டர் மீட்டரப் பாத்துத்தான் லைன் போட்டேன். 220 இருந்துச்சு. இருந்துச்சா? இல்ல நோன்புக் கிறுகிறுப்புல தப்பாப் பாத்துட்டேனா? அந்தக் குமிழத் திருப்புனாத்தான் வோல்டேஜ் ஏறும். நான் திருப்பவே இல்ல. கை பட்டிருக்குமோ?" கட்டில் கம்பியைக் குமிழாக வைத்துக்கொண்டு திருப்பிப் பார்க்கிறார். இப்படியா, இப்படியா என்று என்னைப் பார்க்கிறார்.

நான் என்ன சொன்னேன்? "விடுங்க பாய்" என்றேன்.

சாயங்காலம் பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி வாங்கிவந்தார். எப்போதும்போல என் டம்ளரிலும் ஊற்றி மூடி வைத்திருந்தார்.

அக்டோபர் 17, செவ்வாய்

பெருநாள் கழிந்ததும் அவரை ஊருக்கு அனுப்புகிறார்களாம். விசா கேன்சல், அதோடு பேன், அதாவது தடை. திரும்ப வேறு கம்பெனிக்கும் வர முடியாது. ஐம்பத்திரண்டு வயசு. தொண்டியில் யார் இவருக்கு ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள்?

எனக்கோ, ஷிஜியின் விசிட் விசா அப்ரூவ். எஸ்எம்எஸ் வந்தது. பேப்பர் ஆபீஸில் இருக்கிறது.

அக்டோபர் 18, புதன்

ஷிஜி தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள். "ஏன் சத்தமே இல்ல? நாங்க வாறது பிடிக்கலியா?" என்றாள். போன் கார்டு தீர்ந்துபோச்சு என்று பொய் சொல்லி வைத்தேன். கார்டில் இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது.

அக்டோபர் 19, வியாழன்

சித்தீக் பாய் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். சுபின் சார் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னாராம். தப்பை ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தால் பேன் இல்லாமல் அனுப்பப் பார்ப்பாராம்.

"உன் இங்கிலீஷ் நல்லாருக்கும். எழுதிக் குடு, நான் கையெழுத்துப் போடுறேன்."

வாங்கினேன். வாங்கிவிட்டேன்! 'ரெஸ்பெக்டட் சார்' வரை எழுதியும் விட்டேன்.

அப்போது அவர் சொன்னார்: "ஒண்ணு மட்டும், தம்பி. நோன்பு வச்சிருந்தேன், அதனால தப்பு நடந்துச்சுன்னு எழுதிராத. என் தப்பு என்னோட போகட்டும். நோன்பு மேல பழி வரக் கூடாது."

பேனா ஓடவில்லை. தலைவலி, நாளைக்கு எழுதித் தருகிறேன் என்றேன். "மெதுவா எழுதுப்பா" என்று தைலத்தை எடுத்துக் கொடுத்தார். அதையும் தேய்த்துக்கொண்டேன். என்ன ஜென்மம் நான்?

அக்டோபர் 20, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து தொப்பியை மடித்துக்கொண்டிருந்தார். ரூமில் வேறு யாரும் இல்லை. நின்றுகொண்டே சொன்னேன் — ஒயர், ஜுபைல், ஸ்க்ரூ டிரைவர், எட்டு நிமிஷம், எல்லாம்.

கத்துவார் என்று நினைத்தேன். மடித்த தொப்பியை விரித்தார், மறுபடியும் மடித்தார். "ஒன்பது நாளு" என்றார். "ஒன்பது நாளா நான் என் கையவே நம்பாமக் கெடந்தேன். டம்ளரப் பிடிக்கக்கூட பயமா இருந்துச்சு."

பிறகு படுக்கையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பக்கத்து ரூமுக்குப் போய்விட்டார்.

அக்டோபர் 21, சனி

அதே தாள், அதே 'ரெஸ்பெக்டட் சார்'. கீழே என் கதையை எழுதி என் கையெழுத்தைப் போட்டு சுபின் சாரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார்.

"நீ இது தராம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது கேட்டியா?"

வாய்வரை ஒரு பதில் வந்தது. சினிமா வசனம் மாதிரி இருந்ததால் விழுங்கிவிட்டேன்.

"தப்பாக் கட்டினதுக்கு ஒரு வார்னிங் லெட்டர் தந்திருப்பேன். அவ்வளவுதான். ஜுபைல்லேருந்து வர்றவங்க பண்ற தப்புதான் அது. ஆனா மாத்திக் கட்டினியே தேவதாஸ், அதுக்கு நான் என்ன செய்ய?"

ஒரு வார்னிங் லெட்டர். அதற்காகவா இவ்வளவும்? சிரிப்பு வந்தது, பாத்ரூமில் போய் அழுதேன்.

எனக்குக் கேன்சல். பேன் இல்லை, அது அவருடைய தயவு. ஷிஜியின் விசா பேப்பரை அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

அக்டோபர் 22, ஞாயிறு

ஷிஜியிடம் முழுக்கச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் கார்டு பாதிக்கு மேல் தீர்ந்தது.

"அந்த பாய்க்கு வேலை இருக்குமா?"

"இருக்கும்."

"அப்பம் நீங்க வாங்க." கொஞ்சம் கழித்து, குரல் மாறி, "பிள்ளைகிட்ட நான் சொல்லமாட்டேன். எல்லார்ட்டயும் பிளேன்ல போறேன்னு சொல்லிட்டு நடக்கு. வந்து நீங்களே சொல்லுங்க" என்றாள்.

அக்டோபர் 23, திங்கள்

பெருநாள். நாலு பேர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டில், சகனில், எனக்கும் இடம் விட்டிருந்தார்கள். சித்தீக் பாய் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். கறித்துண்டை என் பக்கம் தள்ளவில்லை. போன மாசம் இப்படிச் சேர்ந்து சாப்பிட்டபோது தள்ளியிருந்தார்.

அக்டோபர் 30, திங்கள்

அபு சயீத் போகவில்லை, மறுபடியும் மூன்று ஏசி வாங்கி மாட்டியிருக்கிறார். ஊருக்குப் போவதற்கு முன்னால் பெட்டியை நீயே முடித்துக் கொடு என்றார் சுபின் சார். தண்டனையா, மரியாதையா, தெரியவில்லை.

கட்டினேன். மீட்டர் வைத்தேன். மூடியின் உள்பக்கம் மார்க்கரால் தமிழிலும் இந்தியிலும் எழுதினேன்: ஒரு ஏசி, ஒரு ஃபேஸ், ஒரு நியூட்ரல். முதலில் மீட்டர்.

சித்தீக் பாய் ஜெனரேட்டர் அறையிலிருந்து நடந்தே வந்தார். "220 இருக்கு பாய்" என்றேன். தன் மீட்டரை எடுத்து மூன்றையும் தானே தொட்டுப் பார்த்தார். அப்புறம் இன்னொரு தடவை. நான் ஒதுங்கி நின்றேன். வேறென்ன செய்ய முடியும்? மூன்று ஏசியையும் மூன்று நிமிஷம் இடைவெளி விட்டுப் போட்டோம். ஓடின. எழுதியிருந்ததைப் படித்தார், மூடியைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

நவம்பர் 2, வியாழன்

ஏர்போர்ட். திருவனந்தபுரம் பிளேன் நாற்பது நிமிஷம் லேட். பிள்ளைக்கு ஒரு பொம்மைப் பிளேன் வாங்கினேன். அதைக் கொடுத்துக்கொண்டே அந்த விஷயத்தை எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்க்கிறேன். எழுந்து நடக்கிறேன், உட்காருகிறேன். பக்கத்திலிருப்பவருக்கு என்னால் தொல்லை.

ரூமிலிருந்து கிளம்பியபோது சித்தீக் பாய் டூட்டியில் இருந்தார். சொல்லிக்கொள்ளவில்லை. எந்த முகத்தோடு சொல்வது? அவர் கொடுத்த தலையணையை உறை துவைத்து அவர் கட்டிலில் வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது போன் ஒரு தடவை அடித்து நின்றது. எடுப்பதற்குள் போய்விட்டது. சித்தீக் பாய் நம்பர்.

இரண்டாவது வருமோ என்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு அழைக்கும்வரை வரவில்லை.