ஓரத்தில் இரண்டு விரல் இடம்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் இவர் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்னங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. உப்பு சரியா இருக்கு."

டப்பாக்களில் 'சர்க்கரை', 'உப்பு' என்று சீட்டு ஒட்டியவள் நான்தான். இப்போது பார்த்தால் யாரோ எறும்பை நசுக்கி வைத்த மாதிரி இருக்கிறது. இருபத்தாறு வருஷம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவள். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் என் கண்ணில் பட்டுவிடும். மூளையில் சின்னதாக ஒரு ரத்தக்குழாய் அடைத்தது, ஐந்து நாள் ஆஸ்பத்திரி, வீட்டுக்கு வந்தால் எழுத்து மொத்தமும் போயிருக்கிறது. எண்கள் மட்டும் தப்பின.

ஆனால் எழுத வருகிறது! கை தானாக ஓடுகிறது. எழுதியதைப் படிக்கத்தான் முடியாது. இந்த வரியைக்கூட.

பழக்க தோஷம், புரூஃப் தாள் போல வலது ஓரத்தில் இரண்டு விரல் இடம் விட்டே எழுதுகிறேன். திருத்தம் போடுவதற்கு. யார் போடப் போகிறார்கள்?

மார்ச் 6, வெள்ளி

டாக்டரிடம் சண்டை. "பேச்சு மட்டும் எப்படி டாக்டர் தப்பிச்சுது?"

"பேச்சுக்கு மூளை பிறக்கும்போதே தயாரா இருக்கும்மா. படிப்புக்குன்னு அப்படி இடமே கிடையாது. முகத்தையும் சாமானையும் பாத்து அடையாளம் கண்டுக்கற இடத்துல கொஞ்சத்தைப் பிடிச்சு, சின்ன வயசுல எழுத்தைக் குடி வெச்சோம். அங்கதான் அடி பட்டிருக்கு."

ஆக, இத்தனை வருஷமும் வாடகைக்கு இருந்திருக்கிறது. காலி செய்யும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா?

வலது பக்கப் பார்வையும் கொஞ்ச நாள் புகை படிந்தாற்போல இருக்குமாம்.

அச்சக முதலாளி போன் செய்தார். "மே மாசம் வரைக்கும் உங்க நாற்காலியில வேற யாரையும் உட்கார வெக்க மாட்டேன்." அதற்கப்புறம் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

என்னாலேயே படிக்க முடியாத நோட்டில் எதை எழுதினால் என்ன? இவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். மீட்டரைத் தவிர எதையும் படித்து நான் பார்த்ததில்லை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் எனக்கென்று ஒரு வரி எழுதியதில்லை. அதனால் தைரியமாகவே எழுதுகிறேன்: அச்சகத்தில் எனக்குப் பரிசாகக் கொடுத்த பூதக்கண்ணாடியை எடுத்தது நாத்தனார்தான். அவள் வந்துவிட்டுப் போன அதே வாரம்தான் அது காணாமல் போனது. எட்டு மாதமாக அவளோடு பேசுவதில்லை. இனியும் பேச மாட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

மறுபடி படிக்கப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாள். "கண்ணுக்குத்தான் மறந்துபோச்சு, கைக்கு ஞாபகம் இருக்கு. கையைக் கேட்டுக் கண்ணுக்குச் சொல்லிக் குடுங்க."

அவள் நீட்டிய தாளில் எழுத்தின் மேல் விரலை ஓட்டினேன். சுழித்து, வளைத்து, இழுத்து — 'அ'! கை சொல்லிவிட்டது. 'அம்மா' என்று படிக்க எட்டு நிமிஷம் ஆனது. அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "உங்க தாள்ல வரிக்கு வரி இடைவெளி சரியில்லை" என்றேன்.

மார்ச் 28, சனி

நிறுத்தத்தில் நின்று, வந்த பஸ்ஸின் பலகையைக் காற்றில் விரலால் எழுதிப் படித்துக்கொண்டிருந்தேன். கை காட்டுகிறேன் என்று நினைத்து பஸ் நின்றுவிட்டது.

"ஏறுறீங்களா இல்லையாம்மா?"

"இருங்க, படிச்சுட்டுச் சொல்றேன்."

டிரைவர் சொன்னதை இங்கே எழுத வேண்டாம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

சோப்பு உறை ஒன்றை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். முடிவு சுமார்.

ஏப்ரல் 16, வியாழன்

கேட்காமல் எதையும் வாங்கி வராத மனிதர் இன்று புது நோட்டோடு வந்து நிற்கிறார். "பழசைக் குடு, நான் பத்திரமா வெக்கறேன்."

"இன்னும் பாதி மிச்சம் இருக்கே?"

"அது... தாள் மட்டம்."

நெற்றியெல்லாம் வேர்வை. இவருக்குத் தாளைப் பற்றி என்ன தெரியும்? நோட்டைக் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

வலது பக்கப் புகை போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுவர் தெளிவாக இருக்கிறது, கதவு தெளிவாக இருக்கிறது. இந்த நோட்டின் ஓரத்தில் மட்டும் ஏன் போகவில்லை? எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன்.

புகை இல்லை. பென்சில்!

ஏப்ரல் 19, ஞாயிறு

இரண்டு நாளாக அடுப்படிப் பக்கமே போகவில்லை. விரல் தேயத் தேயப் படித்தேன்.

'யார் போடப் போகிறார்கள்' என்ற வரிக்குப் பக்கத்தில்: "நான் இருக்கேன். நீ படிக்க முடியாதுங்கற தைரியத்துல எழுதறேன்."

பூதக்கண்ணாடிக்குப் பக்கத்தில்: "தங்கச்சி எடுக்கல. ஃபிரிட்ஜ் போர்டு பாக்க நான்தான் கொண்டுபோய் உடைச்சேன்."

அடப்பாவி மனுஷா! எட்டு மாசம்! அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? நோட்டைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு எழுந்துவிட்டேன். எழுந்த வேகத்தில் தாள் புரண்டு, மார்ச் 6 வந்து நின்றது. 'பயமாக இருக்கிறது' என்று எழுதியிருக்கிறேன். பக்கத்தில் ஒரே ஒரு சொல். விரலை ஓட்டினேன்.

"எனக்கும்."

மறுபடி உட்கார்ந்துவிட்டேன். சண்டையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 5-க்கு அப்புறம் ஓரம் வெறுமையாக இருக்கிறது. சோப்பு உறையைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

மே 4, திங்கள்

அச்சகத்துக்குப் போனேன். ஒரு பக்கத்துக்கு ஒன்றே கால் மணி நேரம். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "இப்போதைக்கு அட்டையும் தலைப்பும் மட்டும் பாருங்க. மீதிய அப்புறம் பாத்துக்கலாம்." பாதிச் சம்பளம், ஆனால் நாற்காலி என்னுடையதுதான்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனாருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். நாற்பது நிமிஷம் திட்டினாள். வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டேன். அவளுடைய அண்ணன் அதற்குள் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

இன்று ஓரத்தில் நான்கு விரல் இடம் விட்டு எழுதியிருக்கிறேன். நோட்டை மேஜை மேலேயே வைத்துவிட்டுத் தூங்கப் போகிறேன். பக்கத்தில் பென்சிலும் சீவி வைத்திருக்கிறேன்.