ஒளித்து வைத்த கவுன்

ஜீவனஹள்ளி,
டிசம்பர் 21

சிந்து அப்பாவுக்கு,

உங்கள் முதுகுவலி தேவலையா? எனக்குக் கால் வீக்கம் மட்டும்தான். போனில் பேசினால் சிந்து காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

கடையில் கிறிஸ்துமஸ் தள்ளுபடி தொடங்கிவிட்டது. விலை குறைந்ததும் வாங்கலாம் என்று, வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் பிடித்த துணியை முன்பே ஒளித்து வைப்போம். நானும் சிந்துவுக்கென்று ஒரு மஞ்சள் கவுனை, ஆண்களின் பெரிய சட்டைகளுக்குப் பின்னால் வைத்திருந்தேன். முதல் நாளே, மகளோடு துணி வாங்க வந்த ஒருத்தி அதைத் தோண்டி எடுத்துவிட்டாள். அவள் மகளுக்கும் ஆறு வயதுதான். அந்தப் பிள்ளைக்கு நானே போட்டுவிட்டேன். தோளுக்குக் கீழே இறங்கவில்லை.

"சைஸ் பாத்து வெக்க மாட்டீங்களாம்மா?" என்று என் கையிலேயே போட்டுவிட்டுப் போனாள்.

கவுன் திரும்பக் கிடைத்தும் நான் வாங்கவில்லை. சித்திரையில் ஊருக்கு வந்தபோது பார்த்த சிந்துவின் அளவுக்கு அல்லவா அதை எடுத்து வைத்திருந்தேன். தீபாவளிக்கு லீவு இல்லை. தள்ளுபடி பொங்கல் வரை நீளுமாம், அதற்கும் இல்லை. ஊரார் தங்கள் பிள்ளைகளோடு வந்து வாங்க, நாங்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து நிற்க வேண்டும். எந்தக் குழந்தை வந்தாலும் பார்த்தவுடன் அளவு சொல்வேன் என்று மேனேஜர் என்னைத்தான் கூப்பிடுகிறார்.

சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. சிந்துவைத் தோளிலிருந்து முழங்கால் வரை ஒரு நூலாலும், மார்பைச் சுற்றி ஒரு நூலாலும் அளந்து, நூல்களைக் கவரில் வைத்து அனுப்புங்கள். எதற்கு என்று கேட்டால் டெய்லர் கேட்டார் என்று சொல்லுங்கள். அம்மா கேட்டாள் என்று சொல்லிவிடாதீர்கள்.

சொர்ணம்