கடைவாய்ப் பல்லும் கிடைக்காத டவரும்

திருமங்கலம்
பங்குனி 20

அன்பு மகள் முத்துமீனாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உன் மகள் பவதாரிணியும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளை விக்ரமும் மஸ்கட்டில் சுகமாக இருக்க அழகர் துணை நிற்கட்டும். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, அதில் பவதாரிணியின் பல் ஒன்று சேராது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் ஆரம்பிப்பதற்குள் நீ அழுவாய், இல்லையென்றால் திட்டுவாய், நான் பாதி உண்மையைச் சொல்லிவிட்டுப் பாதியை விழுங்கிவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிற இம்மானுவேல் கையில் கொடுத்தனுப்புகிறேன். பயப்படாதே, பிள்ளை ஓடியாடிக்கொண்டுதான் இருக்கிறாள்.

போன ஜூனில் நீ அவளை எங்களிடம் விட்டுப் போன நாளிலிருந்து இந்தத் தெருவுக்கே அவள்மேல் இரக்கம். அம்மா பக்கத்தில் இல்லாத பிள்ளை என்று ஆளாளுக்கு உச்சுக்கொட்டுவார்கள், உச்சுக்கொட்டிய கையோடு ஒரு மிட்டாயும் கொடுப்பார்கள். எதிர்வீட்டு ஒச்சாயி தேன்மிட்டாய், பால்காரர் சின்னான் கடலைமிட்டாய், உன் அம்மா படுக்கப்போகும் நேரத்தில் சீனி தூக்கலாகப் போட்ட பால். நான் மட்டும் சளைத்தவனா, பள்ளிக்கூட வாசலிலேயே தினமும் ஒரு கிரீம் பன். பிள்ளைக்கு ஏக்கம் இருந்ததோ இல்லையோ, எல்லோரும் சேர்ந்து போக்கினோம். ராத்திரியும் பல் விளக்கிவிடச் சொல்லி நீ இரண்டு பிரஷ் வாங்கி வைத்துவிட்டுப் போனாய். தூங்கி விழுகிற பிள்ளை வாயில் பிரஷ்ஷை விடுவது பாவம் என்றாள் உன் அம்மா. நானும் ஆமாம் என்றேன். கல்யாணமாகி நாற்பது வருடத்தில் அவள் சொன்னதை நான் உடனே ஒப்புக்கொண்டது அன்று ஒருநாள்தான்.

தை மாதம் பள்ளிக்கூடத்தில் பல் முகாம் நடந்தது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை, மருத்துவரிடம் காட்டவும் என்று ஒரு சீட்டு வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், காட்டவில்லை. விழுந்து முளைக்கிற பால் பல்லுக்கு எதற்கு வைத்தியம் என்று தீர்ப்பும் சொன்னேன். என் வாயில் மிச்சம் ஒன்பது பல், அந்தத் தகுதியில் சொன்னேன். ஒச்சாயியும் சேர்ந்துகொண்டாள். “விழுகுற பல்லுக்குப் போயி இம்புட்டு அக்கறையாண்ணே? எம் பேரனுக்குச் சின்னதுல வாய் பூராம் கருப்பு. அவனைப் போலீசுல எடுக்கலையா?” என்றாள். போலீசே எடுத்துக்கொண்ட பிறகு நமக்கென்ன என்று சீட்டின் நகலைக் காலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டேன்.

சீட்டை ஒளித்தாயிற்று, உன்னை எங்கே ஒளிப்பது. நீயோ நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்ததும் முதல் வேலையாக “ஆ காட்டு பாப்பா” என்பாய். சரியாக அந்த நேரத்தில் டவர் போய்விடும். முதல் இரண்டு வாரம் நானே கட் பண்ணினேன். பிறகு பிள்ளையிடமே, அம்மாகிட்ட வாயைக் காட்டாதே, கேட்டால் டவர் இல்லை என்று சொல் என்று பழக்கிவிட்டேன். எழுமலைப் பக்கம் ஆடு மேய்க்கிறவர்கள் போனில் படம் பார்க்கிறார்கள், நாலுவழிச்சாலை ஓரத்தில் இருக்கிற நம் வீட்டுக்கு மட்டும் டவர் வரவில்லை. மாப்பிள்ளை பாவம், சிம் கம்பெனிக்குப் புகார் எழுதினாராமே. அதை வாபஸ் வாங்கிக்கொள்ளச் சொல்.

இரண்டு வாரத்துக்கு முன் பள்ளிக்கூடம் விட்டதும் சேமியா ஐஸ் வாங்கி நீட்டினேன். “வேணாம் தாத்தா, நீங்க சாப்பிடுங்க” என்றாள். பங்குனி வெயிலில் ஐஸை வேண்டாம் என்கிற பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வந்து கவனித்தால் சோற்றை ஒரே பக்கமாக ஒதுக்கி மெல்லுகிறாள். அப்படியே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற பல் டாக்டர் இந்துப்ரியாவிடம் கூட்டிப்போனேன். சின்னப் பெண், நிதானமாகப் பார்த்துவிட்டு, ஏன் இம்புட்டு நாள் விட்டீங்க என்று கேட்டது. பால் பல்தானே என்றேன். “யாருங்கய்யா சொன்னது? ஆறு வயசுல கடைசியில புதுசா முளைக்கிற பல்லு இது. எந்தப் பல்லும் விழாம வர்றதால எல்லாரும் பால் பல்லுன்னே நினைச்சுக்கிறாங்க. இது போனா மறுபடி முளைக்காது. பால் பல்லா இருந்தாலும் சொத்தையை அப்படியே விடக்கூடாதுங்கய்யா” என்றது. முப்பத்திரண்டு வருடம் கண்டக்டராக இருந்து, பிள்ளைக்கு அஞ்சு வயசு முடியலை என்று சத்தியம் செய்தவர்களோடு மல்லுக்கட்டினேனே, இந்தப் பல்லைத் தெரிந்திருந்தால் வாயைத் திறக்கச் சொல்லியே அரை டிக்கெட் கிழித்திருப்பேன். அப்போது அந்தச் சிரிப்பெல்லாம் வரவில்லை. பல் நிற்குமா என்று மட்டும் கேட்டேன். படம் எடுத்துப் பார்த்து, சொத்தை இன்னும் வேர்வரை போகவில்லை, ஒரு மாதம் கழித்து வந்திருந்தால் சொல்வதற்கில்லை என்றது. ஊசி போட்டு, சுரண்டி, அடைத்தார்கள். பிள்ளை என் விரலை விடவே இல்லை.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துகொண்டு, வலித்ததை ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா அம்மாவுக்குத் தெரிஞ்சுரும்ல. அப்புறம் அம்மா உங்களைத் திட்டும்ல தாத்தா” என்றாள், மரத்துப்போன வாயோடு. ஏழு வயதுப் பிள்ளை என்னைக் காப்பாற்றுவதற்காக வலியை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுத் தின்றிருக்கிறாள், தாயி. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர், எந்த ஊர் பஸ்ஸை விட்டீங்க என்று விசாரித்தார்.

இப்போது காலையிலும் படுக்கும் முன்னும் பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து நானே விளக்கிவிடுகிறேன், அதற்குப் பிறகு பாலும் கிடையாது. மிட்டாய் என்றால் எப்போதாவது சாப்பாட்டோடு மட்டும். மற்ற கடைவாய்ப் பற்களின் பள்ளத்திலும் சொத்தை வராமல் இருக்க டாக்டர் பூச்சு வைத்திருக்கிறது. இரக்கப்படுகிறவர்கள் இனிமேல் கொய்யாப்பழம் கொடுத்து இரக்கப்படுங்கள் என்று தெருவில் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து இரக்கம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

நீ கேட்ட காரச்சேவு இம்மானுவேலிடம் இருக்கிறது. சீனிமிட்டாயைப் பவதாரிணி பையிலிருந்து எடுத்துவிட்டாள், அம்மா பல்லுக்கு ஆகாதாம். காலண்டருக்குப் பின்னால் செருகிய சீட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், அதிலும் விழுந்திருக்கிற என் கையெழுத்தைப் பார்த்துக்கொள். திட்டுவதை எல்லாம் என்னையே திட்டு, பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடாதே. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். புரட்டாசியில் மறுபடி டாக்டரிடம் காட்ட வேண்டும், அதற்குள் அவளை உன்னோடு கூட்டிப்போனால் அங்கே காட்ட மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்குக் கூப்பிடு, ஆ காட்டச் சொல். டவர் இருக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா
தங்கப்பாண்டி