நசீர் அத்தானின் பெயர்

யூலை 6, திங்கள்

சோளகக் காற்று. முற்றம் முழுக்க மாவிலை. கூட்டவில்லை. யாருக்காகக் கூட்ட?

வேலை: தெல்லிப்பழை சிவநேசண்ணையின் அப்பாவுக்கு 31ஆம் நாள் அந்தியேட்டி அறிவித்தல். உறவினர் பட்டியல் ஐந்தாம் தரம் திருத்தம். போனில்: "தம்பி, அப்பான்ரை கடைசிச் சகலன்ரை பேர் விடுபட்டுப் போச்சு. உந்தப் பேரை விட்டால் செத்தவீட்டுச் சண்டை அந்தியேட்டியிலையும் நடக்கும்." இந்தத் தொழிலில் படம் மங்கினால் மன்னிப்பார்கள். பெயர் விடுபட்டால் மன்னிக்கமாட்டார்கள்.

அறிவித்தலை எழுதி, சமூக வலைத்தளத்தில் விளம்பரத்துக்குக் காசு கட்டி, ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் சனத்தின் போனில் தெரியவைப்பது என் பிழைப்பு. இந்தக் கிழமை விளம்பர விலை விழுந்து கிடக்கிறது. தளம் முழுக்க வெறுப்புப் பதிவுகள் என்று பெரிய கொம்பனிகள் விளம்பரத்தை நிறுத்திவிட்டன. அங்கே இடம் ஏலத்தில் போகிறது. சிவநேசண்ணைக்கு விளங்கப்படுத்தினேன்: வாங்க வருகிற கொழும்பு லொறி வராத நாளில் மருதனார்மடச் சந்தையில் கத்தரிக்காய் போகிற விலை.

"அப்ப உவங்கள் கோவிச்சால் எங்களுக்கு நல்லது."

ஓம் என்றேன்.

யூலை 8, புதன்

அம்மாவின் ஆண்டுத் திவசம் வருகிற திங்கள். வாங்க: எள்ளு, தர்ப்பை, வாழையிலை (3 போதும்). ஐயருக்குச் சொல்ல.

ரொறன்ரோவில் இருக்கிற அக்கா என்னுடன் கதைத்தும் ஒரு வருடம். காரணம் இந்தக் கைதான். அம்மாவின் மரண அறிவித்தலில் 'அன்பு மருமகன்' வரியை விட்டேன். அக்காவின் கணவர் நசீர் அத்தான் முஸ்லிம். மாமா பக்கத்தில் நின்று, "உந்தப் பேரைப் போட்டால் சனம் என்ன கதைக்கும்? விடு" என்றார். பெயர் விடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், விட்டேன். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை எல்லாம் துரத்தியபோது ஒரு பையுடன் யாழ்ப்பாணத்தை விட்டுப் போன குடும்பம் அத்தானுடையது. அம்மா படுக்கையில் கிடந்தபோது வெள்ளிக்கு வெள்ளி போன் எடுத்து, "மாமி, சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டவர். மாமா ஒரு நாள் கேட்டதில்லை.

அன்றைக்கு அக்கா: "நீயுமோடா தம்பி?" அவ்வளவுதான். பிறகு என் நம்பரைத் தடுத்துவிட்டாள்.

நம்பரைத் தடுக்கலாம். விளம்பரம் அவள் போனுக்குப் போகும். மற்ற நாளில் ரொறன்ரோ முழுக்கக் காட்ட எனக்குக் கட்டாது. இந்தக் கிழமை கட்டும்.

யூலை 9, வியாழன்

அம்மாவின் நினைவஞ்சலி எழுதியாயிற்று. அன்பு மகள் சாந்தினி. அன்பு மருமகன் நசீர். இரண்டு வரிக்கு அரை நாள்.

பின்னேரம் ஐந்துக்கு விளம்பரமாக விட்டேன். அங்கே காலை. அக்கா வேலைக்குப் பஸ்ஸில் போகிற நேரம், போன் பார்ப்பாள்.

பக்கத்து வீட்டுக் கமலாக்கா வேலிக்கு மேலால்: "சமைக்கிறனியோ, கடைச் சாப்பாடோ?" "சமைக்கிறனான் அக்கா." பொய். மூன்று நாளாகக் கடைப் பாண்.

யூலை 10, வெள்ளி

பார்த்தவர் தொகை நான் ஒரு நாளும் கண்டிராத அளவு. முகம் தெரியாத சனம் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' போடுகிறது, ஒரு வருடம் பிந்தி. ஒவ்வொருவருக்கும் நன்றி எழுதினேன். இத்தனை பேருடன் கதைத்து எவ்வளவு காலம்! வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷப்பட்டேன்.

அக்கா இல்லை.

யூலை 11, சனி

எள்ளு வாங்கியாயிற்று. தர்ப்பை ஐயரே கொண்டுவருவார்.

காலையில் திறந்தால் கீழே வேறு கதை. "தாயின்ரை திவசத்திலை உந்தப் பேருக்கு என்ன வேலை?" அதற்குக் கீழே சிரிப்பு. அதற்கும் கீழே உள்ளதை இங்கே எழுதமாட்டேன். அழிக்க அழிக்க வந்தது. தளத்துக்கு முறைப்பாடு போட்டேன். விதியை மீறவில்லை என்று பதில்.

பெரிய கொம்பனிக்காரர் தங்கள் சவர்க்காரத்தைக்கூட வைக்க அருவருக்கிற இடம். அங்கே கொண்டுபோய் அம்மாவின் படத்தை வைத்திருக்கிறேன். மலிவு என்று.

நிறுத்தினால் அக்கா காணமாட்டாள். நிறுத்தவில்லை. இருந்து அழித்தேன். தேத்தண்ணி இரண்டு தரம் ஆறிப்போனது.

யூலை 12, ஞாயிறு

கமலாக்கா புட்டு கொண்டுவந்தார். "கண் என்ன சிவந்திருக்கு?" "கொம்பியூட்டர் அக்கா." கொஞ்சம் இருந்துவிட்டுப் போகச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. புட்டை வாங்கி வைத்து நன்றி மட்டும் சொன்னேன்.

குளித்துவிட்டு வருவதற்குள் ஒன்பது புதுக் கொமென்ற். அழித்தேன். கொமென்ற் பகுதியையே மூடிவிடலாம். மூடினால் அக்கா எங்கே எழுதுவாள்? திறந்தே விட்டேன்.

சில கொம்பனிகள் திரும்பி வருகின்றனவாம். விலை ஏறத் தொடங்கிவிட்டது. நாளையுடன் கட்டிய காசு முடியும்.

யூலை 13, திங்கள்

திவசம் முடிந்தது. ஐயரும் நானும். ஒரு இலை மிச்சம். மாமா வரவில்லை, அறிவித்தலைக் கண்டிருப்பார்.

பின்னேரம் நாலரைக்குச் செய்தி. அக்கா! தடையை எடுத்திருக்கிறாள்.

"தம்பி, வெள்ளிக்கிழமையே கண்டிட்டன். நீ பேர் போட்டதே எனக்குப் போதும். ஆனா கீழை எழுதினதுகளை நீ அழிக்க முந்தியே ரெண்டு பேரும் வாசிச்சிட்டம். அவர் போனை வைச்சிட்டு எழும்பிப் போயிட்டார். அவரின்ரை பேரை எடுத்துவிடு."

"அக்கா, ஒருக்கால் போன் எடுக்கட்டோ?" என்று எழுதினேன். வாசித்த அடையாளம் விழுந்தது. ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளம்பரத்தை நிறுத்தினேன். அறிவித்தலைத் திறந்து 'நசீர்' என்பதை அழித்தேன். 'அன்பு மருமகன்' தனியே நின்றது. அதையும் அழிக்கவேண்டி வந்தது.

இப்போது போன வருட அறிவித்தல் மாதிரியே இருக்கிறது.