சுவருக்குப் போன தண்ணீர்

சங்கரன்கோவில்,
12.6.1983

அன்புள்ள தங்கபாய்க்கு, பிரபுதாஸ் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நலமாயிருக்கிறேன். உன் இருமலும் அம்மாவின் கால்வீக்கமும் எப்படி இருக்கின்றன? எனக்கு வலது மணிக்கட்டில் சின்ன அடி. இடது கையால் எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே.

மழையில்லாமல் இங்கே குழாய்கள் வற்றி எட்டு நாளாகிறது. செவ்வாய்க்கிழமை, மில் முதலாளி கட்டும் புது வீட்டின் சுவரை நனைக்கத் தண்ணீர் லாரி ஓட்டிப் போனேன். காலனிப் பெண்கள் குடங்களோடு மறித்தார்கள். முன்னால் நின்ற தங்கத்தாய் என்ற பெண், "அண்ணாச்சி, பிள்ளையளுக்கு நாக்கு நனைக்கத் தண்ணியில்ல. சுவத்துக்கா கொண்டு போறிய?" என்று கேட்டாள்.

என் பக்கத்தில் இருந்த முதலாளியின் ஆள் ராஜதுரை, "லாரிய மேல ஏத்துலே, விலகிருவாளுவ" என்றான். நான் இன்ஜினை அணைத்தேன். அவன் இரும்புக் கம்பியோடு குதித்துத் தங்கத்தாயின் மண்டையில் அடித்தான். நான் ஓடிப்போய் லாரிக் குழாயைத் திறந்துவிட்டேன். அடுத்த அடி என் கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் அடிக்க அடிக்கப் பெண்கள் ஓடாமல் தண்ணீர் பிடித்தார்கள். ரத்தம் கலந்த தண்ணீரைக்கூட யாரும் கீழே ஊற்றவில்லை.

தங்கத்தாய் நேற்று இறந்துவிட்டாள். ராஜதுரை நான் படுத்திருக்கும் ஆஸ்பத்திரிக்கே வந்து, "அவளா வந்து லாரியில விழுந்தாள்னு சொல்லும் வே. உம்ம வீடு எங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பார்த்ததைத்தான் கோர்ட்டில் சொல்லப் போகிறேன். என் கல்யாணச் சட்டையையும் கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாயையும் உன் அண்ணனிடம் கொடுத்தனுப்பு. இங்கே சோறு இறங்கவில்லை.

இதைப் படித்ததும் அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடு. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். போகிற இடத்தைப் பக்கத்து வீட்டில்கூடச் சொல்லாதே.

பிரபுதாஸ்